வரிசை வையாபுரியின் நான்காவது கட்டம்

"கண்ணை மூடியே வச்சிருங்கம்மா. நான் வந்து கூப்பிடுற வரைக்கும் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, சொட்டு மருந்து விட்ட பெண் அடுத்த ஆளிடம் நகர்ந்துபோனாள். மருந்து முதலில் குளிர்ந்தது, அப்புறம் காந்தியது, அப்புறம் மெல்ல இறங்கித் தொண்டையில் கசந்தது. கண்ணில் விட்டது தொண்டைக்கு எப்படி வந்தது என்று திலகராணிக்கு ஆச்சரியம். இடது புருவத்துக்கு மேலே ஒட்டியிருந்த பிளாஸ்திரி வேர்வையில் அரித்தது. எந்தக் கண்ணில் ஊசி என்பதற்கு அது அடையாளம். மாற்றிப் போட்டுவிடக்கூடாது அல்லவா. ஊசி. கண்ணுக்குள் ஊசி. அந்த நினைப்பு வந்தவுடன் கால் கட்டைவிரல் தானாகவே செருப்பின் வாரைக் கவ்விப் பிடித்தது. "பயமா இருக்கா மதினி?" என்றாள் பக்கத்தில் இருந்த காந்திமதி. காந்திமதி அவளுடைய கணவரின் தங்கை. அவர் காலமான பிறகு ஆறு வருஷமாக இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான், ஒருத்தி தையல் மெஷினோடு, ஒருத்தி பழைய பேப்பரோடு. "பயமெல்லாம் ஒண்ணும் இல்ல." "அப்ப எதுக்கு ரெண்டு தடவை தேதி குடுத்தும் வராம இருந்தீங்க?" "புத்தக வேலை இருந்துச்சு." "புத்தகம்!" என்று காந்திமதி பெருமூச்சு விட்டாள். "கண்ணு போனப்புறம் அந்தப் பொம்மைப் படத்தை யாரு பாக்குறதாம்?" இந்த மதுரை ஆஸ்பத்திரியில் காலை ஒன்பது மணிக்கே அத்தனை பெஞ்சும் நிரம்பியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இத்தனை பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோமே, வெளியிலிருந்து பார்க்க எப்படி இருக்கும், அந்தப் பொம்மைப் படம் போட்ட பலவேசம் பார்த்திருந்தால் வரையாமல் விட்டிருக்கமாட்டார் என்று நினைத்தாள். நினைத்ததும் நேற்று மாலை போனில் சொன்ன அந்த ஒரு வார்த்தை முள் மாதிரி உறுத்தியது. சரி என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள்? அதை இப்போது நினைக்கவேண்டாம். கண்மணி விரிய முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். முக்கால் மணி நேரம் வேறு எதையாவது நினைக்கலாம்.

வேறு எதை நினைப்பது, அதையே நினைக்கலாம், ஆனால் முதலிலிருந்து நினைக்கலாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கோயில் கும்பாபிஷேக மலருக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தபோது, ஒரு ஊர்ப் பெயரின் எழுத்தைச் சரிபார்க்கத்தான் ஊரில் இருந்த பழைய வாசகசாலைக்குப் போனாள். அச்சகத்தில் இருபத்தேழு வருஷம் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றிருந்தாலும் வேலை அவளை விடவில்லை, அவளும் அதை விடவில்லை. மேஜையில் கொண்டுவந்து போட்டார்கள், 'பாண்டிய தூதன்' நாளிதழ், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதாம் வருஷத்துக் கட்டு. புரட்டினால் முறுகிய அப்பளம் மாதிரி ஓரம் ஒடிகிறது. தேடி வந்த ஊர்ப் பெயரைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் மூன்றாம் பக்கத்தின் அடியில் நாலு கட்டம் போட்ட ஒரு படம் கண்ணில் பட்டது. 'வரிசை வையாபுரி'. கீழே பொடி எழுத்தில் பலவேசம். ரேஷன் கடை வரிசையில் ஒரு ஒல்லி மனிதர், கையில் பை, மூக்கு மட்டும் நீளம், கண்ணுக்கு இரண்டு புள்ளி. அவர் தலைக்கு மேல் வளையம் போட்டு எழுதியிருந்தது: "என்னாங்க, அரிசி தீந்துபோச்சுங்களா?" அவள் கை தானாகவே மேஜையில் பென்சிலைத் தேடியது. தீந்துபோச்சு என்று எழுதக்கூடாது, தீர்ந்துபோயிற்று. இருபத்தேழு வருஷமாக அப்படித்தான் திருத்தினாள். அந்தப் பத்திரிகையிலும் மற்ற பக்கம் முழுக்க அப்படித்தான் இருந்தது, அமைச்சர் பேசினாலும் மகாகனம் பொருந்திய பாஷை, திருடன் பிடிபட்டாலும் அதே பாஷை. இந்த நாலு கட்டத்துக்குள் மட்டும் ஜனங்கள் பேசினார்கள். அச்சகத்துக் கண்ணாடிக் கதவு, எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்கள், திருத்தித் திருத்தி அவள் சிவப்பு மையால் கொன்றுபோட்ட எத்தனையோ பேச்சு எல்லாம் அப்போது ஞாபகம் வந்தது. எவனோ ஒருத்தன், புரூஃப் பார்க்கிறவளின் கையில் சிக்காமல், பேச்சைப் படமாக எழுதித் தப்பவைத்திருக்கிறான். எழுத்துக் கோக்காமல் கையாலேயே எழுதி, படத்தோடு சேர்த்து அச்சுப் பிளாக் செய்துவிட்டால் யார் திருத்துவது? அந்தத் தந்திரம் புரிந்த நிமிஷத்தில் வாசகசாலை என்பதையும் மறந்து அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அதற்கப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனாள், மூன்று வருஷம் போனாள், எண்ணூற்றுப் பன்னிரண்டு படங்களைக் கைபேசியில் பிடித்தாள்.

சும்மா சிரிப்பு மூட்டுகிற படம் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அந்த நிழல் சாய்கிற படத்தை ஒரு தடவை பார்க்கட்டுமே அவர்கள். நாலு கட்டத்திலும் அதே வரிசை, அதே ஆட்கள், ஒரு அங்குலம் நகரவில்லை. முன்னால் நிற்கும் வக்கீலின் கோட்டு, இடுப்பில் குழந்தையோடு நிற்கும் பெண், காதில் பீடி செருகினவன், கடைசியில் வையாபுரி, எல்லாம் அச்சு அசல் அப்படியே. நிழல் மட்டும் முதல் கட்டத்தில் இடது பக்கம் நீண்டிருக்கும், இரண்டாவதில் காலடிக்கு வந்திருக்கும், மூன்றாவதில் வலது பக்கம் சாயும், நாலாவதில் வரிசையைவிட நீளமாகக் கிடக்கும். ஒரு வார்த்தை கிடையாது. ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறார்கள் என்பதை நாலு கோணல் கோட்டில் சொல்லிவிட்டார் மனுஷன். அதைப் பார்த்த அன்று அவள் வீட்டுக்கு வந்து காந்திமதியிடம் சொல்லிப் பார்த்தாள். "நிழலு சாயுமா? சாயத்தானே செய்யும்" என்றாள் காந்திமதி, பாபினுக்கு நூல் சுற்றிக்கொண்டே. அப்புறம் வையாபுரியின் மனைவி. நாலு வருஷமும் அந்த அம்மாள் கட்டத்துக்குள் வந்ததே இல்லை. "என்னங்க!" என்ற குரல் மட்டும் கட்டத்தின் கோட்டைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வரும், எழுத்து அத்தனை பெரிசு. பெரிசு என்றால் கோபம், சின்னது என்றால் உடம்பு சரியில்லை. ஒரு வாரம் முழுக்க அந்த 'என்னங்க' கடுகளவு இருந்தது, அந்த வாரம் வையாபுரி மருந்துக்கடை வரிசையில் நின்றார். முகமே காட்டாத ஒருத்திக்காகத் திலகராணி அந்த வாரம் உண்மையிலேயே கவலைப்பட்டாள், அடுத்த கட்டைப் புரட்டப் பயந்தாள். திங்கட்கிழமைப் படத்தில் எழுத்து மறுபடியும் பெரிசானபோது அப்பாடா என்றிருந்தது. அப்புறம் அந்தத் தேர்தல் படம். ஐம்பத்திரண்டு ஜனவரி. பள்ளிக்கூட வாசலில் நீள வரிசை. வையாபுரி பழக்கதோஷத்தில் பையோடு போய் நின்று, "இங்க என்ன குடுக்குறாங்க?" என்று கேட்பார். முன்னால் நிற்பவர் ஒன்றும் சொல்லமாட்டார். கடைசிக் கட்டத்தில் வையாபுரி காலிப் பையோடு வெளியே வருவார், ஆனால் நெஞ்சு நிமிர்ந்திருக்கும். "முதத் தடவையா வரிசையில நின்னு நான் குடுத்துட்டு வர்றேன்!" அந்த நெஞ்சு நிமிர்வுக்குப் பலவேசம் செலவழித்தது ஒரே ஒரு கோடு. சட்டைப் பித்தானிலிருந்து கழுத்து வரைக்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தான் வரையச் சொன்னால் நூறு காகிதம் கிழிப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தரம் சொட்டு விடணும், லேசாத் திறங்கம்மா." விரல் வந்து கீழ் இமையை இழுத்தது. திறந்த ஒரு நொடியில் வெளிச்சம் வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது, எதிர்ச் சுவரில் ஜன்னல் கம்பிகள் தெரிந்தன, இடது கண்ணுக்கு அவை நடுவில் நெளிந்திருந்தன. உடனே மூடிக்கொண்டாள். நெளிவு. அதை நினைத்தாலே காது சூடாகிறது. போன சித்திரையில், புத்தகத்துக்கு முன்னுரை எழுதும்போது, ஐம்பத்திரண்டாம் வருஷப் படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கட்டத்தின் ஓரக்கோடுகள் வளைந்திருந்தன. முந்திய வருஷத்துப் படங்களைப் பார்த்தபோதெல்லாம் ஸ்கேல் வைத்த மாதிரி இருந்த கோடு, கடைசி மாதங்களில் ஏன் வளைகிறது? வையாபுரியின் மூக்குகூட நடுவில் ஒடிந்திருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தாள். மனுஷனுக்கு உடம்பு முடியவில்லை, கை நடுங்குகிறது, ஆனாலும் விடாமல் வரைந்திருக்கிறார். கண்ணில் நீர் முட்ட ஒரு பக்கம் எழுதினாள்: 'இறுதி மாதங்களில் பலவேசத்தின் கரம் நடுங்கத் தொடங்கியது.' அதைப் படித்துவிட்டுப் பதிப்பாளர் இளம்பரிதி சென்னையிலிருந்து போன் செய்து, "அம்மா, இந்தப் பக்கந்தான் புத்தகத்தோட உயிரு" என்றான். ஆறு வாரம் கழித்து, சர்க்கரைக்காக வழக்கமாகக் கண் பார்க்கும்போது, டாக்டரம்மா கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். திலகராணி பார்த்துவிட்டு, "இதை யாரு வரைஞ்சா? கோடெல்லாம் வளைஞ்சிருக்கே" என்றாள். டாக்டரம்மா மற்றக் கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார். கோடெல்லாம் நேராக இருந்தது. நாற்காலி அடியில் நழுவின மாதிரி இருந்தது அவளுக்கு. விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது, ஊசி போடவேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னதெல்லாம் எங்கேயோ கேட்டது. பார்வை போய்விடுமோ என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் தோன்றியது, ஐயோ, அந்த மனுஷன் கையில் பழி போட்டுவிட்டேனே என்பதுதான். வளைந்தது என் கண். அவர் கை கடைசி வரைக்கும் நேராகத்தான் இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும், காபிகூடக் குடிக்காமல், அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ் வரைக்கும் அடித்தாள். இளம்பரிதி கெஞ்சினான். அவள் அசையவில்லை.

அப்படிப்பட்டவள் நேற்று ஏன் சரி என்றாள்? மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறது. எத்தனை சுற்றிப் போனாலும் அந்த முனையில் புடவை மாட்டிக்கொள்கிறது. மாட்டட்டும், நின்று பார்த்துவிடுவோம். ஐம்பத்திரண்டு ஜூன் மாதம் அரிசி ரேஷனை எடுத்துவிட்டார்கள். இனி யாரும் வரிசையில் நிற்கவேண்டாம். ஊரே சந்தோஷப்பட்டது, பத்திரிகை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து. வையாபுரி என்ன செய்வார்? இரண்டு நாள் கழித்து வந்த படம் அதுதான், அதுதான் கடைசிப் படமும். மறுநாள் அதே இடத்தில் பல்பொடி விளம்பரம் வந்துவிட்டது. விடைபெறுகிறோம் என்று ஒரு வரி இல்லை, பலவேசம் என்ற பெயர் அதற்கப்புறம் அந்தப் பத்திரிகையில் எங்குமே இல்லை. அந்தக் கடைசிப் படத்தின் முதல் கட்டத்தில் விடிகாலை, ரேஷன் கடை வாசல், ஒருவரும் இல்லை, வையாபுரி பையோடு வருகிறார். இரண்டாவது கட்டத்தில் இப்படியும் அப்படியும் பார்க்கிறார். மூன்றாவதில் பழைய இடத்தில் தனியாகப் போய் நின்றுகொள்கிறார், தெரு முழுக்க வெள்ளை, வரையாமல் விட்ட வெள்ளை, அத்தனை பெரிய வெள்ளையை அவர் அதுவரை விட்டதே இல்லை. நாலாவது கட்டம்... நாலாவது கட்டம் கிடையாது. அந்த இடத்தில் பேப்பரில் ஒரு ஜன்னல். யாரோ பிளேடு வைத்து நறுக்கென்று சதுரமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த அன்று ஜன்னல் வழியாக அடுத்த தாளில் இருந்த சந்தை நிலவரம் தெரிந்தது, வற்றல் மிளகாய், கொத்துமல்லி. அவள் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பூராவும் பொடிப் பொடி எண்கள். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிவு. எவனோ தன் நம்பரை வெட்டிக்கொண்டு போயிருக்கிறான், போகிற போக்கில் வையாபுரியின் முடிவையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். இரண்டு வருஷமாக அவனைத் திட்டுகிறாள். பெயர் தெரியாத ஆளைத் திட்டுவது கஷ்டம், அதனால் அவனுக்கு ஒரு மூஞ்சி வைத்துக்கொண்டாள், எண்ணெய் வழித்து வாரின தலை, திருட்டு முழி. சென்னையில் தேடினாள், அங்கே ஐம்பது வரைக்கும்தான் கட்டு இருக்கிறது. காரைக்குடியில் ஒரு வீட்டில், திண்டுக்கல்லில் ஒரு பழைய அச்சகத்தில், எங்கே போனாலும் அந்த ஒரு நாள் இல்லை. பத்திரிகை ஆபீஸ் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை வந்து நாற்பது வருஷமாகிறது.

நேற்று சாயங்காலம் இளம்பரிதி பேசினான். நல்ல பையன்தான், அதிலே சந்தேகமில்லை, இந்தப் படங்களைப் புத்தகமாகப் போடுகிறேன் என்று சொன்ன ஒரே ஆள் அவன். "அம்மா, திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது. கடைசிப் பக்கத்துல ஓட்டையோட போனா நல்லாருக்காது. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஓவியர் இருக்காரு, பலவேசம் கோடு மாதிரியே போடுவாரு, நாலாவது கட்டத்தைப் போட்டுரலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது" என்றான். அவள் அப்போது களைத்திருந்தாள். மறுநாள் ஊசி. ஐந்து வருஷத்தை முடித்துக் கையைக் கழுவிவிட்டால் போதும், கண் இருக்கும்போதே புத்தகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது. அதுதான் விஷயம். கண் இருக்கும்போதே. அந்த அவசரம்தான் சரி என்று சொல்லவைத்தது. பயத்தில் சொன்ன சரி. ராத்திரி படுத்தபிறகு, யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்ற வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்தது. எனக்குத் தெரியுமே. என் கண் வளைந்ததை அவர் கை வளைந்ததாக எழுதினேன், அது தெரியாமல் செய்த தப்பு. இன்னொருத்தர் கையை அவர் கை என்று அச்சடித்தால் அது தெரிந்தே செய்கிற தப்பு. ஆனால் ஓட்டையோடு விட்டால்? நாலு வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்ற மனுஷனைத் தெருவில் தனியாக விட்டுவிட்டுப் புத்தகத்தை மூடுவதா? படிக்கிறவர்கள் எங்கே கடைசி என்று கேட்டால் என்ன சொல்வது? பரீட்சை எழுதின ஒருத்தன் கொண்டுபோய்விட்டான் என்றா?

பெஞ்சில் அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் பேத்தி ப்ளஸ் டூ முடிவு பார்த்தது கம்ப்யூட்டரிலாம், பாஸா ஃபெயிலா என்று அதிலேயே போட்டிருக்கிறதாம். "எங்க காலத்துல பேப்பர்ல வரும். நம்பர் இருந்தா பாஸ், இல்லேன்னா இல்ல. எங்கக்கா நம்பரைத் தேடித் தேடிப் பாத்துட்டு அழுதுக்கிட்டே பேப்பரைக் கீழ போட்டா" என்றாள் ஒருத்தி. திலகராணி கேட்டுக்கொண்டிருந்தாள், சும்மாதான், கண்ணை மூடியிருக்கும்போது காது தானே வேலை செய்கிறது. நம்பர் இருந்தால் பாஸ். தேறினவர்களின் எண் மட்டும்தான் அச்சாகும். தவறினவனுக்கு வெட்டி எடுக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. பேப்பரைக் கீழே போட்டுவிட்டு அழவேண்டியதுதான். அப்படியானால் பிளேடு வைத்து வெட்டினவன்... வெட்டினவன் தேறினவன். இரண்டு வருஷமாக எண்களைப் பார்த்திருக்கிறாள், இது தோன்றவில்லையே! எண்ணெய்த் தலையும் திருட்டு முழியும் கலைந்துபோயின. வேறொரு முகம் வந்தது, பெண்ணாகக்கூட இருக்கலாம், ஏன் பெண்ணாக இருக்கக்கூடாது, வாசகசாலைக் காரியதரிசியிடம் கேட்டு வாங்கிக்கூட வெட்டியிருக்கலாம், சந்தோஷத்தில். சரி, வெட்டினதை என்ன செய்வார்கள்? இந்த இடத்தில் திலகராணியின் நினைப்பு ஒரு நொடி நின்றேவிட்டது. தூக்கியா போடுவார்கள்? வீட்டில் முதல்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. தேறின பிள்ளையின் நம்பரைத் தூக்கியா போடுவார்கள்? சர்ட்டிபிகேட்டோடு வைப்பார்கள். டிரங்குப் பெட்டியில், பைபிளுக்குள், சாமி படச் சட்டத்தின் பின்னால், அட்டையில் ஒட்டி, வைத்திருப்பார்கள். அந்தப் பத்திரிகையின் மற்றப் பிரதியெல்லாம் பொட்டலம் மடித்தும் அடுப்பு மூட்டியும் போயிருக்கும். வெட்டி எடுத்த அந்த ஒரு துண்டுதான் போயிருக்காது. எங்கேயோ ஒரு வீட்டில், தேறின நம்பர் மேலே தெரிய, வையாபுரி குப்புறப் படுத்திருக்கிறார். அந்த வீட்டாருக்கு அவர் இருப்பதே தெரியாது.

"காந்தி, இளம்பரிதிக்குப் போன் போடு."

"இப்பவா? கண்ணைத் திறக்கக்கூடாதுன்னாங்க."

"காதுல வச்சுத்தானே பேசப்போறேன். போடு நீ."

காந்திமதி முணுமுணுத்துக்கொண்டே எண்ணைத் தேடிப் போட்டு, போனைக் கையில் கொடுத்தாள். திலகராணி முகவுரை எதுவும் வைக்கவில்லை. "தம்பி, நேத்து நான் சரின்னு சொன்னேன்ல, அது வேண்டாம். நாலாவது கட்டத்தைக் காலியா விடுங்க."

இளம்பரிதி மெதுவாகச் சொன்னான். "அம்மா, ஓவியர் ராத்திரியே போட்டு அனுப்பிட்டாரு. பிரமாதமா வந்திருக்கு. சொல்றேன் கேளுங்க. வையாபுரி தனியா நிக்கிறாரா, அவரைப் பாத்துட்டு, இங்க என்னமோ குடுக்குறாங்க போலன்னு, பின்னாடி ஒவ்வொருத்தரா வந்து நிக்க ஆரம்பிச்சு, தெருக்கோடி வரைக்கும் வரிசை. அவ்வளவுதாம்மா. ஒரு வார்த்தை கிடையாது."

திலகராணிக்கு மூடின கண்ணுக்குள் அது தெரிந்தது. அந்தப் பெரிய வெள்ளை, அதில் நிறைந்துகொண்டுவரும் தலைகள். அதுவாகவே இருக்கலாம். பலவேசமே அப்படித்தான் வரைந்திருக்கக்கூடும். ஒரு நிமிஷம் அவளுக்கே ஆசை வந்தது, இருக்கட்டும் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நல்லாருக்கு தம்பி. ரொம்ப நல்லாருக்கு. அதனாலதான் வேண்டாங்குறேன்."

"புரியலம்மா."

"மோசமா இருந்தா எவனாவது சந்தேகப்பட்டு நிஜத்தைத் தேடுவான். இவ்வளவு நல்லா இருந்தா யாரும் தேடமாட்டாங்க. நானே தேடமாட்டேன்." அவள் எண் விஷயத்தைச் சொன்னாள். வேகமாகச் சொன்னதில் மூச்சு வாங்கியது. "அது தொலையல தம்பி. யாரோ பத்திரமா வச்சிருக்காங்க. தேறினவங்க இருந்தா இப்ப எண்பத்தெட்டு, எண்பத்தொம்பது வயசு. இல்லேன்னா பிள்ளைக, பேரன்மாரு. நம்ம புத்தகத்துல காலிக் கட்டத்தைப் பாத்தாத்தான் அட, நம்ம வீட்ல ஒரு துண்டு இருக்கேன்னு பெட்டியைத் திறப்பாங்க. நீங்க அடைச்சிட்டா எதுக்குத் திறப்பாங்க?"

"யாராவது திறப்பாங்கன்னு நிச்சயமாம்மா?"

"நிச்சயம் இல்ல."

"பாதிப் புத்தகம்னு விமர்சனம் எழுதுவாங்க."

"எழுதட்டும். இல்லேன்னா என் பேரை எடுத்துட்டு நீங்க போட்டுக்கங்க. அந்த மனுஷன் பேருல இன்னொருத்தர் கோட்டை நான் வரவிடமாட்டேன்." குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, பெஞ்சுப் பேச்செல்லாம் நின்றிருந்தது. இளம்பரிதி தொண்டையைச் செருமினான். "கட்டத்துக்குள்ள என்ன போடணும்னு எழுதி அனுப்புங்கம்மா. பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டான். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வாங்கிக்கொண்ட காந்திமதி ஏதோ கேட்க வாயெடுத்தாள், அதற்குள் "திலகராணி அம்மா, வாங்க" என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

பச்சைத் தொப்பி, பச்சை அங்கி. குளிர்ந்த கட்டில். முகத்தின்மேல் துணி விழுந்தது, இடது கண்ணுக்கு மட்டும் ஓட்டை. யாரோ இமைகளுக்கு நடுவில் கவ்வி மாதிரி எதையோ வைத்தார்கள், இனி மூட நினைத்தாலும் மூட முடியாது. காலையிலிருந்து மூடு மூடு என்றவர்கள் இப்போது மூடவிடவில்லை. விளக்கு நேர் மேலே எரிந்தது, வெள்ளை, வரையாமல் விட்ட அத்தனை வெள்ளை. பயம் வந்தது. வரும் என்று தெரியும், வந்தே தீரும், ஆனால் இது பெரிசு, நெஞ்சின்மேல் முழங்காலை வைத்து அழுத்துகிறது. எழுந்து ஓடிவிடலாமா? இந்தக் கண் போனால் மற்றக் கண். மற்றதும் போனால்? போனால் காந்திமதி படித்துச் சொல்வாள், திட்டிக்கொண்டே படித்துச் சொல்வாள். எண்ணூற்றுப் பன்னிரண்டு படமும் உள்ளே இருக்கிறது, கேட்கிறவர்களுக்குக் கோடு கோடாகச் சொல்வேன். ஆனால் போகக்கூடாது. போகவிடமாட்டேன். யாராவது ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தால், அது பலவேசம் கோடுதானா என்று நான்தான் பார்த்துச் சொல்லவேண்டும், வேறு யாருக்கு அந்தக் கோடு தெரியும்? "மேல பாருங்கம்மா, அசையாதீங்க, கொஞ்சம் அழுத்துற மாதிரி இருக்கும்" என்றார் டாக்டரம்மா. திலகராணி அசையவில்லை. அழுத்தியது. வலி என்று சொல்லமுடியாது, உள்ளே யாரோ விரலால் தள்ளினாற்போல. வெள்ளையின் மேல் மூலையில் கறுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. விழுந்தது சுருள் சுருளாகப் பிரிந்து, மெதுவாகக் கீழே இறங்கியது, தண்ணீர்க் கிண்ணத்தில் பிரஷ்ஷை முக்கினால் இறங்குகிற மாதிரி. "என்ன தெரியுது?" "கறுப்பா. மை மாதிரி." "மருந்துதான். ரெண்டு நாள்ல கரைஞ்சிரும், பயப்படாதீங்க. இது எத்தனை விரல்?" "ரெண்டு." "முடிஞ்சதும்மா. எந்திரிங்க." முடிந்துவிட்டதா, இவ்வளவுதானா என்று நினைத்தாள். இதற்கா இரண்டு தடவை தேதியைத் தள்ளினோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

வெளியே வந்து, கண்ணில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தவுடன், "போனை எடு, சொல்றதை எழுது" என்றாள். "வீட்டுக்குப் போய்..." என்று ஆரம்பித்த காந்திமதி மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள். தையல்காரியின் விரல், ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தியது. திலகராணி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "இந்தக் கட்டம் இன்னும் கிடைக்கவில்லை. இதன் மறுபக்கத்தில், ஐம்பத்திரண்டாம் வருஷம் பள்ளி இறுதித் தேர்வில் தேறியவர்களின் எண்கள் இருந்தன. உங்கள் வீட்டில் அப்படி ஒரு துண்டு இருந்தால், தயவுசெய்து திருப்பிப் பாருங்கள்." காந்திமதி எழுதி முடித்தாள். "மறுபக்கத்துக்கு வல்லின ற போட்டியா?" "போட்டேன்." "தேறியவர்களுக்கு?" காந்திமதி மறுபடி படித்துப் பார்த்தாள். "இருங்க, மாத்துறேன்." மாற்றினாள். "பாருங்கள்ல கடைசில ள் விட்டுறாத." "விடல மதினி, அனுப்பவா?" "அனுப்பு." போன் சிணுங்கி ஓய்ந்தது. எதிரே யாரோ பெயர் கூப்பிட்டார்கள், சக்கர நாற்காலி ஒன்று கிறீச்சிட்டுப் போனது. "மதினி" என்றாள் காந்திமதி திடீரென்று, குரல் வேறு மாதிரி இருந்தது. "அந்தத் தேறுன ஆளு பொம்பளையா இருக்கும்னு தோணுது எனக்கு. ஆம்பளைப் பிள்ளைக இவ்வளவு பதவிசா சதுரமா வெட்டமாட்டானுக." திலகராணி அவள் பக்கம் திரும்பினாள், ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் திரும்பினாள். அதற்குள் போன் அதிர்ந்தது. காந்திமதி எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "அப்படியே போடுகிறோம் அம்மா. கீழே தொடர்புக்கு எங்கள் பதிப்பக எண்ணைச் சேர்க்கட்டுமா?"

"வேண்டாம்னு எழுது" என்றாள் திலகராணி, நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்துகொண்டே. "என் நம்பரைப் போடச் சொல்லு. கூப்பிடுறவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும்."